முக்காட்டுக்குள் வராத வெளிச்சம்

நான் ஸ்டெல்லா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் சொல்லாமல் போனால் என் மண்டை வெடித்துவிடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன தவக்காலத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. விடியப்போகும் நேரத்தில்தான் கண் சொருகும். உடனே கம்பெனி பஸ்ஸுக்கு எழ வேண்டும். மெஷினில் தோல் ஓடும்போதே தலை தொங்கும். ஒருநாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. சூப்பர்வைசர் என்னை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார். "மறுபடி இப்படி ஆச்சுன்னா வீட்லயே இருந்துக்கோம்மா. கை போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். உபவாசம் இருந்தேன், அழுதேன். ஊருக்கெல்லாம் தூக்கம் தருகிறீர், எனக்கு மட்டும் இல்லையா என்று ஆண்டவரிடமே கோபித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தாஸ் சபைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். அவர்தான் என்னை எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். மாத்திரை தருவார் என்று பார்த்தால், பளிச்சென்று வெள்ளையாக எரியும் ஒரு லைட் பெட்டியைக் கொடுத்தார். காலையில் வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும் என்றார். "வெயில்ல நடந்தாலே போதும். நீதான் இருட்டோட பஸ் ஏறிடறியே!" எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காரச் சொன்னார்.

காலையில் அந்த அரை மணிதான் என் ஜெப நேரமும். இரண்டையும் சேர்த்துவிட்டேன். வாரக்கணக்கில் செய்தும் தூக்கம் வரவில்லை. போய்ச் சண்டையே போட்டேன்.

"உங்க லைட்டு வேஸ்ட்டு டாக்டரம்மா!"

"எப்படி உக்கார்றே? செஞ்சு காட்டு."

முழங்கால் போட்டேன். முக்காட்டை முகவாய் வரை இழுத்துவிட்டேன். கண்ணை இறுக மூடினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாம்மா நீ! கண்ணயும் மூடி, மேல துணியயும் போட்டுக்கினா வெளிச்சம் எப்படி உள்ள போவும்? பெட்டிய மொறைக்க வேணாம், கண்ணு தொறந்திருந்தா போதும்."

கண்ணைத் திறந்து ஜெபிப்பதா? மனசு ஒப்பவில்லை. போதகரிடம் கேட்டேன். "நீ பேசறத கேக்கறவரு, கண்ணு மூடியிருக்குதான்னா பாக்கறாரு? தொறந்தே பேசும்மா," என்றார்.

மறுநாள் காலை கண்ணைத் திறந்தபடி ஜெபித்தேன். பெட்டியைப் பார்க்காமல் பார்வையைத் திருப்பினால், சமையலறை வாசலில் தாஸ் கைகூப்பி நிற்கிறார். உதடு அசைகிறது. கன்னமெல்லாம் ஈரம்.

"இன்னா பண்றீங்க?"

"இன்னிக்குத்தான் பாக்கறியா? உன் விரல்ல ஊசி ஏறினதுலேந்து தினம் நிக்கறேன். என் தூக்கத்த எடுத்து இவளுக்குக் குடுன்னு கேக்கறேன். எனக்கு அவ்ளோதான் கேக்கத் தெரியும்."

ஐயோ ஆண்டவரே! இந்த மனுஷன் மனம் திரும்ப வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் அழுதிருப்பேன்!

கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களே, ஜெபியுங்கள், டாக்டரையும் பாருங்கள். ஆண்டவர் நம்மைக் கைவிட மாட்டார். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

தாஸ் இன்று முதல் தடவையாகச் சபைக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து தூங்குகிறார், பாருங்கள். யாரும் எழுப்பிவிடாதீர்கள்.