துவைத்த கம்பளியும் துவைக்காத கம்பளியும்

ராணுவ ஓய்வூதிய விதிகளின் பின்னிணைப்பு சொல்வது இது. படையில் சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் எந்தக் குறையும் பதிவாகாதவர், நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். பிறகு உடல்நலக் காரணத்தால் அவர் வெளியே அனுப்பப்பட்டால், அந்தக் கேடு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அதை நிரூபிக்கச் சொல்லி மனுதாரரைக் கேட்கக் கூடாது. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே.

இதில் புரியாதது எதுவும் இல்லை. நானே இந்தப் பத்தியைப் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். படையில் சேர்ந்து, வடக்கே ஒரு ராணுவத் துணிக்கிடங்கில் நான் கிளார்க்காக இருந்தேன். கூரை வரை கம்பளிகளும் கூடாரத் துணிகளும் அடுக்கியிருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க அவற்றின் மேல் மருந்துப் பொடி தூவுவார்கள். பூச்சி பிழைத்துக்கொண்டது, என் மூக்குதான் பிழைக்கவில்லை. முதலில் தும்மல், பிறகு மூக்கடைப்பு, கண் வீக்கம். ராத்திரியில் வாயால் மூச்சுவிட்டபடி உட்கார்ந்தே தூங்கினேன். 'அலர்ஜிக் ரைனிடிஸ்' என்று டாக்டர்கள் எழுதினார்கள். கிடங்கு வேலைக்குத் தகுதியில்லை என்று எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைப் படையிலிருந்து விடுவித்து, சொந்த ஊரான ஏற்காட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தேன். பதில் நான்கு வரியில் வந்தது. இந்த நோய் பிறவி உடல்வாகைச் சார்ந்தது, ராணுவப் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

என்னைச் சேர்த்த அன்று நெஞ்சைத் தட்டி, பல்லை எண்ணி, மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்களும் இதே அரசாங்கத்தின் டாக்டர்கள்தான். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத பிறவிக் கோளாறு, என்னைப் பார்த்தேயிராத ஒரு மேசைக்குத் தெரிந்துவிட்டது.

ஓய்வூதியம் வேண்டியிருந்தது, அதை மறைக்கமாட்டேன். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. காபி சாக்குகள் இருந்த குடோனுக்குள் பதிவேட்டோடு போனேன், ஒரு வாரத்தில் முகம் பூசணிக்காய் போல வீங்கி வெளியே வந்தேன். எஸ்டேட் துரை வருத்தப்பட்டார். வேறு ஆளையும் போட்டார். கான்வென்டில் தையல் வேலை பார்த்த என் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஆனாலும் என்னைத் தூங்கவிடாதது 'பிறவி' என்ற அந்த ஒரு சொல்தான். என்னைப் பெற்றவர்கள் பழுதான சரக்கை ராணுவத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

ஆறு மாதக் கெடுவுக்குள், ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் முறையீடு போனது. தபால்காரருக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

"ஏனுங்க சார், தும்முனா கூடவா கவர்மெண்டு பென்சன் குடுக்குது?"

"குடுக்கணும்னு சட்டம் இருக்குங்க."

"அப்படின்னா எங்கூட்டுக்காரிக்கு ஒண்ணு எழுதிப் போடுங்க. மொளகா வறுத்தா நொம்பத் தும்முறா."

கடைவீதியில் எனக்கு 'மூக்கு மிலிட்டிரி' என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும், என் மூக்கு மிலிட்டிரிக்குப் போய்வந்த மூக்குதானே.

அடுத்த பதில் முன்னதைவிட அறிவோடு இருந்தது. மனுதாரர் காபித் தோட்டங்களும் பூக்களும் நிறைந்த மலைப்பகுதியைச் சேர்ந்தவர் என்பதால், ஒவ்வாமை அங்கேயே தோன்றியிருக்க வாய்ப்புண்டாம். காபி பூக்கும் நாட்களில் மலையே வெள்ளையாக நிற்கும். அதற்குள்தான் நடந்து பள்ளிக்கூடம் போனேன். ஞாயிறு பூசையில் தூபக்கலசம் ஆட்டினேன். ஒரு தும்மல் கிடையாது. 'வாய்ப்புண்டு' என்பது சந்தேகம், சந்தேகத்தின் பலன் யாருக்கு என்று பின்னிணைப்பு சொல்கிறது, தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் என்று எழுதினேன். பக்க எண்ணையும் கொடுத்தேன்.

அதன்பிறகு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் வரச் சொல்லி அழைப்பு வந்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிடங்குத் தூசியைவிட்டு விலகியிருந்தால் என் மூக்கு ஒழுங்காக இருக்கும். தும்மாத மனிதனைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஊனத்தின் அளவை இருபது சதவீதத்துக்குக் கீழே போட்டாலும் ஓய்வூதியம் கிடையாது, கதை முடிந்தது.

என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. கிடங்கில் கழித்துப்போட்ட சாமான்களின் ஏலத்தில் வாங்கிய பழைய கம்பளி. ரசீதும் உண்டு. அதைப் பிரித்தால் போதும், அரை நாளைக்கு நான் மனிதனாக இருக்கமாட்டேன். அதனால் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தேன். கிளம்பும்போது, தைத்த புது உறைக்குள் வைத்து மனைவி அதை என் கையில் கொடுத்தாள். வழியில் தும்மி வைக்கக் கூடாதென்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. மலையிறங்கி, சேலத்தில் ரயிலேறி, மறுநாள் ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மூன்று டாக்டர்கள். நடுவில் தலைவராக ஒரு கர்னல். ஓரத்தில் இருந்தவர் இளையவர், கோப்பிலிருந்த தாள்களைவிடக் கடிகாரத்தையே அதிகம் பார்த்தார்.

"இப்போது உங்களுக்குத் தும்மல் இல்லையே?" என்று கர்னல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இங்கே கிடங்கு இல்லை, சார். அதைக் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன்."

உறையைப் பிரித்துக் கம்பளியில் முகத்தைப் புதைத்தேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். பூந்திக்கொட்டை வாசம். மலை வெயிலில் காய்ந்த துணியின் வாசம். இன்னொரு முறை இழுத்தேன். மல்லிகைப் பந்தை முகர்கிறவன்போல மூன்று அதிகாரிகள் முன்னால் நின்றேன். தும்மல் வரவில்லை. இளையவர் சிரித்துவிட்டார். கர்னல் பேனாவை மூடினார்.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியே திரும்பிப் போயிருந்தால் 'பிறவி' என் கல்லறை வரை கூடவே வந்திருக்கும்.

"சார், இதை என் மனைவி துவைத்துவிட்டாள். உங்கள் ஸ்டோரிலிருந்து துவைக்காத பழைய கம்பளி ஒன்றை வரவழையுங்கள்."

"அப்படிச் செய்ய எந்த விதி சொல்கிறது?"

"செய்யக் கூடாதென்று எந்த விதியும் சொல்லவில்லை, சார். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிந்து ஒரு நகல் கொடுங்கள். போய்விடுகிறேன்."

காரணத்தை எழுதுவதைவிடக் கம்பளியை வரவழைப்பது சுலபம். இது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். ஸ்டோர் ஆள் ஒரு கம்பளிக் கட்டைத் தோளில் சுமந்துவந்து தொப்பென்று தரையில் போட்டார். அவர் கயிற்றை அவிழ்க்கும்போதே ஆரம்பித்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தும்மினேன். கண் மூடிக்கொண்டது, மூச்சு வாய்க்கு வந்தது. இளையவர் ஓடிவந்து விளக்கடித்துப் பார்த்தார், இந்த முறை கடிகாரம் பார்க்கவில்லை.

"போதும், வெளியே கொண்டுபோ!" என்றார் கர்னல், ஸ்டோர் ஆளிடம்.

பேச முடிந்ததும் நான் சொன்னது ஒன்றுதான். "துவைத்த கம்பளியையும் சேர்த்து எழுதுங்கள், சார். கம்பளி ஒன்றும் செய்யவில்லை, உடம்பும் ஒன்றும் செய்யவில்லை. கிடங்குத் தூசிதான் செய்தது."

"உங்கள் மனைவி ஏன் துவைத்தார்?"

"உங்கள் முன்னால் நாற்றத்தோடு நான் நிற்கக் கூடாதென்று இருக்கும்."

கர்னல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார்.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். "ஏனுங்க, கம்பளி நல்லா இருந்துச்சுங்களா? நீங்க டைப் அடிக்கச் சேலம் போன அன்னிக்கு எடுத்து அலசிப்போட்டேன். அந்த நாத்தத்தோட பெரிய ஆப்பீசருங்க முன்னால போவாங்களா யாராச்சும்?"

ரயிலில் வரும்போது இதற்கு ஒரு நீண்ட பதிலைத் தயாரித்து வைத்திருந்தேன்.

"மெடிக்கல் போர்டுல அதைப் பத்தி எழுதியே வெச்சுட்டாங்க," என்றேன்.

"பாத்தீங்களா," என்று உள்ளே போனாள்.

பிறகு நினைவூட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த அட்டை வந்தது. அட்டை வந்த மறுநாளே அடுத்த நினைவூட்டலை அனுப்பினேன். அவர்களுக்கு மேசை நிறைய வேலை இருந்தது, எனக்கு இது ஒன்றே வேலை.

கடைசியில் வந்த கடிதத்தில் நோய் பணியால் நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அளவு இருபது சதவீதம், ஒரு புள்ளி கூடுதலாகப் போட மனம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபரிசோதனையாம், வரச்சொல்லட்டும், வருவேன். முழுவதையும் இரண்டு முறை படித்தேன், 'பிறவி' என்ற சொல் எங்கேயும் இல்லை. அதுவரை காத்து நின்ற தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதினேன். மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து கூட்டம் மலையிறங்கிய மறுநாள், திங்கட்கிழமை.