உறைந்த ஏரியில் மல்லிகா பிடித்த மீன்

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வினிபெக் நகரிலிருந்து புறப்பட்டோம். வடக்கே தொண்ணூறு கிலோமீட்டர் போனால், வினிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்ற சிற்றூர். குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் ஓட்டுகிறவன். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும் காலைகளைத்தான் அதுவரை கடுங்குளிர் என்று நினைத்திருந்தேன்.

வண்டியை ஓட்டியவர் லிண்டா. என் தங்கை மல்லிகாவோடு மீன் வெட்டும் ஆலையில் வேலை செய்தவர். மல்லிகா பின்னால் உட்கார்ந்திருந்தாள். போன ஆண்டு பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளை ஊருக்கு அழைத்து வரத்தான் நான் கனடா போயிருந்தேன். வீட்டில் எல்லோரும் கூடி எடுத்த முடிவு அது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கிம்லியில் சாலை முடிந்தது. லிண்டா நிறுத்தவில்லை, வண்டி நேராக ஏரிக்குள் இறங்கியது. பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியையும் இறக்கிவிட்டார். பனிக்கட்டி உடைந்தால் வெளியே பாய வேண்டுமாம். மலை வளைவுகளில் பதறாத என் கை, அந்தச் சமதரையில் கதவை இறுகப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை.

மூன்று கிலோமீட்டர் உள்ளே போய்க் கூடாரம் அடித்தோம். லிண்டா துளைபோடும் இயந்திரத்தால் மூன்றடிப் பனிக்கட்டியைக் குடைந்தார். சோற்றுத் தட்டு அகலத்துக்குத் துளை. அடியில் கறுத்த தண்ணீர். முழநீளத் தூண்டிலில் செத்த பொடிமீனைக் கோத்து அடிமட்டம் வரை இறக்கி, மெல்ல உயர்த்தி உயர்த்தி ஆட்ட வேண்டும். வருகிற மீனின் பெயர் வால்ஐ.

மல்லிகா இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தூண்டிலில் பதித்தாள்.

“குடு புள்ள, நான் பிடிக்கிறேன்.”

“வேணாண்ணே. இந்தக் கைக்கு வேலை குடுக்கத்தான் வந்திருக்கேன்.”

நண்பகலுக்குள் லிண்டாவுக்கு மூன்று மீன். மல்லிகாவுக்கு ஒருமுறை இழுத்தது. தூண்டில் விரல்களிலிருந்து நழுவியது; துளைக்குள் போகும் முன் இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். மீன் போய்விட்டது.

அப்போதுதான் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். “போதும் மல்லிகா. ஊருக்கு வந்துரு. நாங்க பாத்துக்கிறோம்.”

“அங்க வந்து என்ன செய்யட்டும்? தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்துகிட்டு நீங்க ஊட்டிவிட்டாச் சாப்பிடவா?”

அவள் மறுபடி இரையைக் கோத்தாள். முள் குத்தி ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு தூண்டிலை இறக்கினாள்.

வெயில் சாய்ந்து, பனி நீலமாக மாறிய நேரத்தில் தூண்டில் முனை வளைந்தது. வலது கையைக் கால் முட்டியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, இடது கையால் தூண்டில் நரம்பைச் சுற்றினாள். மீனின் தலை துளையின் அடி விளிம்பில் இடித்து நின்றது. நான் குனிந்து கையை நீட்டினேன்.

“தொடாதீங்கண்ணே.”

நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, மீண்டும் இழுத்தாள். பொன்னிற உடம்பும் கண்ணாடிக் கோலிபோல் வெளுத்த பெரிய கண்ணுமாக மீன் மேலே வந்து பனியில் துள்ளியது. வலது கையை அதன்மேல் வைத்தாள். விரல்கள் மெல்ல, மிக மெல்ல, மூடிக்கொண்டன. லிண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

திரும்பும் வழியில், “திங்கக்கிழமை ஆலைல போய் வேலை கேக்கப்போறேன்” என்றாள்.

“கேளு” என்றேன்.

மதியத்துக்குப் பிறகு அரைநாள் வேலை கொடுத்தார்கள். கத்தி பிடிக்கும் வேலை இல்லை, பெட்டியில் அடுக்குவது. நான் தனியாக விமானம் ஏறினேன்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி கேட்டாள். “மல்லிகா எங்க? நீங்க கூப்பிடலையா?”

“கூப்பிட்டேன். அவளுக்கு அங்க வேலை இருக்கு.”

மறுநாள் விடியற்காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனேன். மூடுபனிக்கு அடியில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. வினிபெக்கில் அப்போது முந்தைய நாளின் மாலை. மல்லிகா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம்.