ஒன்லி என்ற ஒரு சொல்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. முன்பு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அச்சகத்தை இழுத்து மூடிய பிறகு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படித்தாள்; அதுவே சோறு போடும் தொழிலாகிவிட்டது. யார் எழுதிய நிரலைப் பார்த்தாலும், "இங்க ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சே" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் மென்பொருளை ஆஸ்பத்திரிகளுக்குச் செய்துகொடுத்தது. எடையைத் தட்டினால் மருந்தளவு வரும். கணக்கு சரியா என்று பார்க்க நூற்றுக்கணக்கான சோதனைகளை எழுதிவைத்திருந்தார்கள். நிரலில் யார் கைவைத்தாலும் அவை தாமாகவே ஓடும். எல்லாம் சரியென்றால் சுவர்த்திரையில் பச்சை. பல மாதமாகப் பச்சைதான்.

லின்ட் என்று இன்னொரு கருவியும் இருந்தது. நிரலை ஓடவிடாமல், எழுத்தை மட்டும் வாசித்துத் தப்பைச் சொல்வது. தனியாக ஓட்ட வேண்டியிருந்ததால் ஒருவரும் அதைச் சீண்டவில்லை.

"இதையும் டெஸ்ட்டோட சேர்த்துடறேன் சார். லின்ட் தப்புன்னு சொன்னா டெஸ்ட்டும் சிவப்பு. அப்பத்தான் நமக்கெல்லாம் உறைக்கும்," என்றாள் மேனேஜரிடம்.

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். "ஒரு புள்ளிக்காக மொத்த வேலையும் நிக்கணுமாக்கா?"

மேனேஜர் பட்டும் படாமலும் தலையாட்டினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, சோதனைகள் எழுதியிருந்த கோப்புகளையும் லின்ட் வாசிக்கும்படி அமைத்துவிட்டு ஓட்டினாள்.

திரை சிவந்தது. எதிர்பார்த்ததுதான். பயன்படாத பெயர்கள், விட்டுப்போன புள்ளிகள். அவற்றுக்கு நடுவே ஒரு வரியில் கண் நின்றது. ஒரு சோதனையோடு 'ஒன்லி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

ஒரே ஒரு சோதனையை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சேர்ப்பார்கள். பார்த்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் மற்ற சோதனை எதுவுமே ஓடாது.

அப்படியென்றால் இத்தனை மாதமாகச் சுவரில் மின்னிய பச்சை? ஒற்றைச் சோதனையின் பச்சை. மற்றதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சொல்லை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சில சோதனைகள் தோற்றன. பெரும்பாலும் அற்பம். ஒன்று மட்டும் அப்படியில்லை: ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு மருந்து பத்து மடங்காக வந்தது.

"என்னக்கா, புள்ளி ஏதாவது சிக்குச்சா?" என்று எட்டிப் பார்த்த பக்கத்து மேசைக்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. "இது... நான் போட்டதுக்கா. ஒண்ணை மட்டும் பார்க்கணும்னு போட்டுட்டு..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ மேனேஜரைக் கூப்பிடு." சொல்லும்போதே அவள் மென்பொருள் வாங்கியிருந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே மருந்தகத்தைக் கவனிக்கும் அம்மாள் எடுத்தார்.

"மேடம், எங்க சாஃப்ட்வேர்ல அளவு தப்பா வருது. ஒரு கிலோவுக்குக் கம்மியான குழந்தை யாருக்காவது இதைப் பார்த்து மருந்து குடுத்தீங்களா?"

"இல்லையே. அவ்வளவு சின்னக் குழந்தைங்களை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்."

போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா இனிமே அனுப்ப மாட்டோம்," என்றார் அந்த அம்மாள். "வர்ற திங்கட்கிழமை குறைமாசக் குழந்தைங்களுக்குன்னே வார்டு திறக்குறோம். இன்குபேட்டர் எல்லாம் வந்து இறங்கியாச்சு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க சரி பண்ணிச் சொல்ற வரைக்கும் இதுல வர்ற அளவை நம்பாதீங்க மேடம். கையால கணக்குப் போடுங்க."

"எந்த அளவையுமேவா?"

"எந்த அளவையுமே."

மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அன்றே போன் போட்டு எச்சரித்தார்கள்; நல்லவேளை, எங்கும் அந்தத் தப்பான அளவு யாருக்கும் போயிருக்கவில்லை. மறுநாளே கணக்கைச் சரிசெய்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நேரில் போய் ஏச்சுப்பேச்சு வாங்கிக்கொண்டு வந்தார். லின்ட் சோதனையோடு சோதனையாக நிலைத்துவிட்டது.

பக்கத்து மேசைக்காரனின் வாய் மட்டும் அடைத்துப்போயிருந்தது. வார இறுதியில் படிக்கட்டில் அவளை நிறுத்தினான். "ஏன்க்கா என்னைத் திட்டவேயில்லை?"

"திட்டத்தான் நினைச்சேன். ஆனா அந்தப் பச்சையைப் பார்த்துட்டு நானும்தானே தினமும் நிம்மதியா வீட்டுக்குப் போனேன்?"

திங்கட்கிழமை மருந்தகத்து அம்மாள் தானாகவே கூப்பிட்டார். "முதல் குழந்தை வந்தாச்சு. தொள்ளாயிரம் கிராம்தான். கையாலயும் போட்டுப் பார்த்தோம், உங்க சாஃப்ட்வேர்லயும் போட்டோம். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது."

"சந்தோஷம் மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். தொள்ளாயிரம் கிராம் குழந்தை கைக்குள் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.