பச்சை விளக்கை நம்பாதவள்

அந்த வணிக வளாகத்தின் காவலர்கள் அவளை 'டவுட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால். அவளிடம் வாக்கி டாக்கி வாங்கப் போனால் லேசில் கைக்கு வராது. முகத்தைப் பார்ப்பாள், பையைப் பார்ப்பாள், போன தடவை கீழே போட்டாயா என்று குடைவாள். தையல்காரரில் தொடங்கிக் கட்டிய புருஷன்வரை அவள் சந்தேகப்படாத ஆள் கிடையாது.

அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. சுவரோரம் நீள மேசை, அதன்மேல் வரிசையாகச் சார்ஜர்கள். வாக்கி டாக்கியின் நிக்கல் பேட்டரியைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். நிறைந்ததும் பச்சைக்கு மாறும். அந்தப் பச்சையையும் அவள் நம்பவில்லை. பிடுங்கி மறுபடி செருகுவாள். சிவப்பு எரியும். "பாத்தீங்களா, இன்னும் குடிக்குது!" என்பாள் வெற்றியோடு. தொட்டால் கை சுட வேண்டும், அப்போதுதான் அவளுக்கு மனசு ஆறும்.

அப்படியும் பேட்டரிகள் மதியத்துக்குள் செத்துப்போயின. லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்ட அன்று காவலர் கையிலிருந்த கருவி வாயே திறக்கவில்லை. மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார்.

யாரோ நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை வைக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். அறையின் இன்னொரு சாவி அவள் கொழுந்தனிடம் இருந்தது. மாலை ஷிஃப்டுக்கு அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். கிளம்பும்போது அவள் சார்ஜரில் செருகிவிட்டுப் போனவை காலையில் அலமாரியில் இருந்தன. எதற்கு இடம் மாற்றுகிறான்? பேட்டரிகளின் அடியில் ரகசியமாக நகப்பூச்சில் பொட்டு வைத்துப் பார்த்தாள். மறுநாள் எல்லாப் பொட்டும் அப்படியே இருந்தது. "களவாணிப் பய, அதே கலரை வாங்கி இவனே வெச்சிருக்கான்" என்று பல்லைக் கடித்தாள்.

அவன்தான் திருடுகிறான் என்று மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். கொழுந்தனுக்கு வேலை போயிற்று. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குட்டு வெளிப்பட்டதில் வாயடைத்துப்போனான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதுப் பேட்டரிகள் வந்தன. இரண்டு சாவியும் இப்போது அவளிடம். சில மாதங்கள்கூட ஆகவில்லை, முன்பு மதியம்வரை தாங்கியதுபோய் இவை காலையிலேயே கண்ணை மூடின. கொழுந்தன் இன்னும் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். போகிற இடமெல்லாம் திருட்டுப் பட்டம் அவனுக்கு முன்னால் போய் நின்றது.

சார்ஜரைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒரு பேட்டரியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"நிறைஞ்சதைத் திரும்பத் திரும்ப யாருங்க போடறது?"

"ஏன், போட்டா என்னவாம்?"

"புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு நெனச்சு இந்தச் சார்ஜர் முதல்லேருந்து ஏத்தும். உள்ள ஏது எடம்? எல்லாம் சூடாத்தான் போகும். அந்தச் சூட்டுலயே பேட்டரி ஆயுசு போயிடும். பச்சை வந்தா எடுத்து ஆற வைங்க, அவ்ளோதான்."

அலமாரியில் எடுத்து ஆற வைத்தது யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேராக மேலாளரிடம் ஓடி, தப்பு தன்னுடையது, அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள்.

"திருடன்னு சொல்லி அனுப்பினவனை எப்படிம்மா திரும்ப எடுக்கறது? அதைச் சொன்னதே நீதானே" என்றார் அவர்.

வீட்டில் கொழுந்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான், மறுநாள் இன்னொரு இடத்தில் வேலை கேட்டுப் போக. அவள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏண்டா தம்பி, ஆற வைக்கத்தான் எடுத்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் நிமிரவில்லை. "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அண்ணி?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால் அழுகைதான் வந்தது.