அண்ணனுக்குக் கேட்காத கிடார்

நானும் என் அண்ணனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அண்ணன் இருப்பது தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில். அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கொடுத்த காதடைப்பானை, வியர்க்கிறது என்று பையிலேயே வைத்திருப்பார். வீட்டில் டிவியை அலறவிடுவார். பழக்கதோஷம் என்று நினைத்தோம்.

ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் பாட்டுகளைக் கேட்டுத்தான் அண்ணன் சர்ச்சில் கிடார் வாசிக்கப் பழகினார். அந்தக் குழு, வயதான காலத்தில், சென்னைக்கு வந்தது. இருவரும் லீவு போட்டுப் போனோம்.

மைதானமே ஆடியது. நடுவில் கிடார் மட்டும் தனியாக உச்சத்துக்குப் போனபோது பலர் அழுதார்கள். அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"இன்னா ஜெசி, அந்தாளு சும்மா கைய ஆட்டிக்கினு கீறாரு? ஒயர் புடுங்கிக்கிச்சா?"

"வாசிக்கிறாருண்ணா!" என்று காதருகே கத்தினேன்.

சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு, "போலாம் வா" என்றார்.

மெஷின் சத்தத்தில் உச்ச சுரங்களைக் கேட்கும் காது நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிடார் உறைக்குள் இருக்கிறது.

இப்போது நான் காதடைப்பான் இல்லாமல் லைனுக்குள் நுழைவதில்லை. அண்ணனும் தவறாமல் காதில் வைத்துக்கொள்கிறார். இனி எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.