கலா கன்னத்துக் கருமை

வில்லியனூரில் இருக்கும் என் பியூட்டி பார்லருக்கு இன்று காலை பக்கத்து ஊரான உறுவையாற்றிலிருந்து கலா வந்தாள். நாளை அவள் தம்பிக்குக் கல்யாணம்.

இரண்டு கன்னத்திலும் சாம்பல் பூத்தாற்போல் ஒரு கருமை. வெயிலால் வந்தது என்று நினைத்து, "ஒரு ஃபேஷியல் போட்டா போயிடும்டி" என்றேன்.

"இது வெயில் இல்லக்கா. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்புடுறேன் இல்ல, அதால வந்துது."

எடுத்த கிரீமைக் கீழே வைத்தேன். "டாக்டராண்ட காட்டினியா?"

"காட்டிட்டேன். வேற மாத்திரை குடுத்திருக்காரு. கருப்பு மெதுவாத்தான் போவுமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"போன வருசம் தலை வாரக்கூட எழுந்திருக்க மாட்டேன். இப்ப மூஞ்சி கருத்துப் போச்சேன்னு கண்ணாடி முன்னால நின்னு அழுவுறேன். எங்க வூட்டுக்காரரு இன்னாடான்னா, 'கண்ணாடி பாக்குறியே, அது போதும்டி'ன்னு சந்தோசப்படுறாரு!"

ஃபேஷியலை விட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் திருத்தினேன்.

கலா கண்ணாடியில் உற்றுப் பார்த்தாள். "இன்னாக்கா இது? இடது புருவம் மேல போயிட்டுது. போட்டோவுல எல்லாரும் சிரிப்பாங்க, நான் மட்டும் ஆச்சரியப்பட்டுக்கினு இருப்பேன்!"

மறுபடி உட்காரவைத்துச் சரிசெய்தேன். இப்போது வலது பக்கம் சரியில்லையாம்.

"இதையெல்லாம் போஸ்ட் போடட்டுமாடி?" என்று கேட்டேன்.

"போடுக்கா. புருவத்தைக் கோணலாக்கினதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன். வாடிக்கையாளர் குறை சொல்லச் சொல்ல மனம் குளிர்ந்துபோன பார்லர்காரி ஊரில் நான் ஒருத்திதானா, இன்னும் யாராவது இருக்கிறீர்களா?