ஆம்பளை யாராவது கேட்டீங்களா?

என் அப்பா ராஜகோபால் அஸ்தினாபுரத்தில் சிமெண்ட், கம்பி விற்றவர். ஒரு நில வழக்குக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து தோற்றவர். அங்கே அவர் கற்றது இது: சொல்லிக் கொடுத்த சாட்சிகள் கூண்டில் ஏறினால் ஒரே வார்த்தைகளில் பேசுவார்கள்.

யாரோ கடையில் விட்டுப்போன பைபிளை அந்தக் கண்ணோடுதான் படித்தார். சிலுவையில் இறந்தவர் உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்கு யார் யார் போனார்கள், அங்கே எத்தனை தூதர்கள் இருந்தார்கள் என்பதில் நாலு சுவிசேஷங்களும் ஒத்துப்போகவில்லை. கல்லறை காலி என்பதில் ஒத்துப்போகின்றன.

"இது செட் பண்ண கேஸ் இல்லம்மா" என்றார்.

நான் கட்டட இன்ஜினியர். "நாலு ரிப்போர்ட்டும் நாலு விதமா இருந்தா நாங்க திருப்பி அனுப்பிடுவோம்ப்பா."

"சரி, கல்லறை காலியா இருக்கறதை முதல்ல பார்த்தது யாரு? பொம்பளைங்க. அந்தக் காலத்துல அவங்க சாட்சிக்கு மதிப்பே கிடையாது. பொய் சாட்சி ரெடி பண்றவன் தலைமைச் சீஷன் பேதுருவைத்தான் நிறுத்துவான். நடந்ததாலதான் அப்படி எழுதியிருக்காங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி தனசேகர் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாஸ்டர் அப்பாவை எழுந்து நின்று அந்தப் பெண்களின் சாட்சியைப் பற்றிச் சொல்லச் சொல்வார். சபை கைதட்டும்.

இந்த வருஷம் கணையத்தில் புற்றுநோய். கடைசியாக நினைவு தெளிவாக இருந்த மதியம், ஆஸ்பத்திரியில் அம்மாவையும் என்னையும் கிட்டே கூப்பிட்டார்.

"என்னைக் கொளுத்தாதீங்க. புதைங்க."

உடல் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா ஷாமியானா போட்டு, சுடுகாட்டு கேஸ் எரிமேடைக்குச் சொல்லி முடித்திருந்தார். அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"யாருகிட்ட சொன்னாரு?"

"அம்மாகிட்டயும் என்கிட்டயும்."

"ஆம்பளை யாராவது கேட்டீங்களா?"

அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். சித்தப்பா குரலை உயர்த்தினார்.

"என் கையைப் புடிச்சுகினு சொன்னாரு. தம்பி, நம்ம முறைப்படி எடுத்துடுன்னாரு."

சித்தப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லை. ஆனால் அவர் மகன் வெற்றிவேலும் மச்சான் லோகுவும் அதையே சொன்னார்கள். கையைப் புடிச்சுகினு சொன்னாரு, நம்ம முறைப்படி எடுத்துடுன்னாரு. ஒரு சொல் மாறவில்லை. தெரு நம்பியது.

பாஸ்டர் மாலையோடு வந்து வாசல் கேட் பக்கத்திலேயே நின்றார். "சிஸ்டர், கல்லறைத் தோட்டத்துல இடம் இருக்கு. ஆனா வீட்டு ஆம்பளைங்க ஒத்துக்கணும். நாளைக்கு சபைக்குப் பிரச்சனை வரக்கூடாது பாருங்க."

"அப்பா சொன்னதை நாங்க ரெண்டு பேரும் கேட்டோம் பாஸ்டர்."

"உங்களை நம்பறேன்மா. ஆனா..." மாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வெற்றிவேல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இன்னாத்துக்குக்கா பேஜாரு? மண்ணுலேர்ந்து எழுப்புற சாமிக்கு சாம்பல்லேர்ந்து எழுப்பத் தெரியாதா?"

"எழுந்து வந்தா கம்பி ஸ்டாக்கு கேப்பாரு, ஜாக்கிரதை" என்றார் லோகு. ஷாமியானாவுக்குள் சிரிப்பு பரவியது.

தூக்கும்போது அம்மா ஐஸ் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. சித்தி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தெருமுனையில் எங்களை நிறுத்தினார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. வண்டி முனையில் திரும்பி மறைந்ததும் சித்தி எங்களைக் குளிக்க அழைத்துப் போனாள்.

அம்மா, ஞானாம்பாள், சர்ச் வாசல் மிதிக்காதவள். அப்பா பேச்சில் குறுக்கிட்டதே இல்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அன்று இதைச் சொன்னாள்: "புதைக்கச் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"விடும்மா. துக்கத்துல அப்படித்தான் தோணும்."

"தோணல. கேட்டேன்."

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். "நானும் கேட்டேன்" என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

சித்தி தண்ணீரோடு ஒரு தூக்க மாத்திரை கொண்டுவந்தாள். "அக்காவுக்கு மூளை கலங்கிப் போச்சு. உளறிகினே கீறாங்க. இதைக் குடுத்துப் படுக்க வை."

அம்மா மாத்திரையை வாங்கி விழுங்கினாள். வாசலில் அடுத்த ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் உட்காரும்வரை கண்ணை மூடாமல் காத்திருந்தாள்.